கேள்வியும் கேட்டலும்

(அறக்கட்டளையின் விழா அரங்கில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள், வகுப்பறையில் ஆசிரியர் வினாக் கேட்கும் முறை.

தமிழில் ‘கேள்’ என்னும் வினையடிக்கு இரண்டு பொருள் உண்டு. வினவுதல் ஒன்று, செவிமடுத்தல் மற்றொன்று. ‘ஆசிரியர் கேட்டார்’ என்னும் தொடர், மாணவனை அவர் வினவியதையும் குறிக்கும். மாணவன் கூறியதை அவர் செவியில் ஏற்றதையும் குறிக்கும். திருக்குறளின் 42ஆம் அதிகாரம் ‘கேள்வி’ என்னும் பெயருடையது. அங்கே அச்சொல் கற்றோர் உரைப்பதைச் செவியால் ஏற்றுப் பயன்கொள்வதையே சுட்டுகிறது. வினவுவதற்கும் செவிமடுப்பதற்கும் ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருப்பது ஆசிரியத் தொழிலுக்கு ஒரு நெறியையும் வகுத்துத் தருகிறது. வினவுகிறவர் எவரோ, அவர் செவிமடுக்கவும் கடமைப்பட்டவர். இந்த ஒரு கருத்தை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

வினாவுக்குப் பஞ்சமில்லை

வகுப்பறைகளில் வினாக்களுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. அமெரிக்காவில் ரோமியட் ஸ்டீவன்ஸ் என்னும் கல்வியாளர் 1912இல் வெளியிட்ட ஆய்வு, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு நாளில் சற்றேறக்குறைய 400 வினாக்கள் கேட்பதாகக் கூறிற்று. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு, பாடநூலில் உள்ளதை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லச் செய்யும் வினாக்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அந்தப் படம் பெரிதாக மாறிவிடவில்லை. ஆசிரியர் வினவுகிறார், ஒரு மாணவன் விடை சொல்கிறான், ஆசிரியர் ‘சரி’ அல்லது ‘தவறு’ என்கிறார், உடனே அடுத்த வினா பிறக்கிறது. வகுப்பு விறுவிறுப்பாக நடப்பதுபோல் தோன்றும். வழியே செல்லும் தலைமையாசிரியரும் மகிழ்ந்து செல்வார்.

ஆனால் நாற்பது பிள்ளைகள் உள்ள அவ்வகுப்பில் உயரும் கைகளை எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும். நாள்தோறும் அதே ஐந்தாறு கைகளே உயர்கின்றன. எஞ்சிய பிள்ளைகள் பாடத்தைக் கவனிப்பதாகக் காட்டிக்கொள்ளப் பழகியிருக்கிறார்கள். விடை தெரிந்த பிள்ளை வாய் திறப்பதற்குள் வேறொருவன் சொல்லிவிடுகிறான். பாதி தெரிந்த பிள்ளை, முழுதும் தெரியாமல் எழுந்தால் சிரிப்பார்களே என்று அஞ்சி அமர்ந்துவிடுகிறது. இவ்வாறு ஓராண்டு கழிகிறது, ஈராண்டு கழிகிறது. மூன்றாம் ஆண்டில் அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: ‘எனக்குப் படிப்பு வராது’. இம்முடிவை அதற்கு எவரும் வாயால் சொல்லவில்லை. காத்திராமல் கடந்து சென்ற வினாக்களே சொல்லிவிட்டன. வினாக் கேட்கும் முறையைப் பற்றிப் பேச வேண்டிய தேவை இங்கேதான் எழுகிறது.

ஆறு வகை வினா

இப்பொருளுக்கு வழிகாட்டும் நூலைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டளவில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டியதற்கிணங்கப் பவணந்தி முனிவர் என்னும் சமணச் சான்றோர் இயற்றிய நன்னூல், தமிழ் இலக்கணம் கற்றோர் அனைவரும் அறிந்த நூல். அதன் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் பாடம் சொல்லும் முறையையும் பாடம் கேட்கும் முறையையும் விரித்துரைக்கிறது. மேலும் சொல்லதிகாரத்தில் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் அந்நூல் பகுத்துள்ளது. தேர்வுக்காக மனனம் செய்து மறந்துபோன இப்பகுதியை ஆசிரியர் ஒருவர் தம் தொழிலுக்குரிய கருவியாகக் கொண்டு மீண்டும் படித்தால், அதில் புதிய பொருள் தோன்றும்.

அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவ்வாறு வினாக்கள். தான் விடை அறிந்திருந்தும் பிறர் அறிவாரோ என்று அறிய வினவுவது அறிவினா. தான் அறியாததை அறிந்துகொள்ள வினவுவது அறியாவினா. ‘அங்கே கிடப்பது கயிறோ பாம்போ’ என்று இரண்டுக்கு நடுவே நின்று வினவுவது ஐயவினா. கடைக்காரரிடம் ‘துவரம்பருப்பு இருக்கிறதா’ என்பது ஒன்றைப் பெறுதற்காக எழும் கொளல்வினா. ‘உனக்கு எழுதுகோல் இல்லையா’ என்று கொடுக்கும் எண்ணத்தோடு வினவுவது கொடைவினா. ‘வீட்டுப்பாடம் முடித்தாயா’ என்பது ஒரு செயலைச் செய்யத் தூண்டும் ஏவல்வினா.

இப்பகுப்பில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. ‘இச்செய்யுளின் பொருள் யாது?’ என்னும் ஒரே தொடர், ஆசிரியர் வாயில் அறிவினா ஆகிறது. மாணவன் வாயில் அறியாவினா ஆகிறது. சொற்கள் மாறவில்லை, வினவுகிறவரின் நோக்கமே வகையை முடிவு செய்கிறது. பிள்ளைகள் இந்நோக்கத்தை மிக விரைவில் அறிந்துகொள்கிறார்கள். ‘இவருக்கு விடை தெரியும், என்னைச் சோதிக்கவே கேட்கிறார்’ என்று உணர்ந்த பிள்ளை, பொருளைப் பற்றிச் சிந்திப்பதில்லை, ஆசிரியர் மனத்தில் உள்ள விடை எதுவென்று ஊகிக்கவே முயல்கிறது.

இன்றைய வகுப்பறை பெரும்பாலும் அறிவினாவாலும் ஏவல்வினாவாலும் நிறைந்திருக்கிறது. அறிவினா தேவையற்றது என்பது கருத்தன்று. வாய்பாடும் இலக்கண விதியும் ஆண்டுகளும் நினைவில் நிற்க வேண்டுமானால் அறிவினா வேண்டும். ஆயினும் அது ஒன்றே போதாது. நன்னூலார் வகுத்த ஏனைய வினாக்களின் பொருளைச் சற்றே நீட்டி வகுப்பறைக்குக் கொண்டுவரலாம்.

வேளாண் குடும்பத்துப் பிள்ளை ஒன்றிடம், ‘உங்கள் வீட்டில் விதைநெல்லை எப்படிப் பாதுகாக்கிறார்கள்?’ என்று ஆசிரியர் வினவுவது கொளல்வினா. ஆசிரியருக்கு உண்மையாகவே தெரியாத ஒன்றைப் பிள்ளை தருகிறது. அன்று முதல் அந்தப் பிள்ளையின் இருப்பு வகுப்பில் வேறாகிறது. திணறி நிற்கும் பிள்ளைக்கு ஒரு படியை அமைத்துத் தரும் சிறு வினா கொடைவினா. இரண்டு விடைகளையும் கரும்பலகையில் எழுதி, ‘இவற்றுள் எது பொருந்தும்? ஏன்?’ என்று வகுப்பு முழுவதையும் நிறுத்திவைப்பது ஐயவினா. இவற்றின் பயனாக ஒருநாள் பிள்ளை தானே எழுந்து அறியாவினாவைக் கேட்குமானால், அதுவே ஆசிரியரின் வெற்றி.

ஒரு பிழையின் வேர்

கொடைவினா எவ்வாறு இயங்கும் என்பதற்குக் கணக்குப் பாடத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். ‘மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு, இவற்றுள் எது பெரிது?’ என்று ஆசிரியர் வினவுகிறார். ஒரு பிள்ளை ‘நான்கில் ஒரு பங்கு’ என்கிறது. ‘தவறு, அடுத்தவன் சொல்’ என்றால் வகுப்பு அரை நிமிடத்தில் சரியான விடையைப் பெற்றுவிடும். பிழை செய்த பிள்ளையிடம் அப்பிழை அப்படியே இருக்கும்.

வேறோர் ஆசிரியர் ‘எப்படிக் கண்டாய்?’ என்று வினவுகிறார். ‘மூன்றைவிட நான்கு பெரிது ஐயா’ என்கிறது பிள்ளை. இப்போது பிழையின் வேர் வெளிப்பட்டுவிட்டது. முழு எண்களுக்குரிய விதியைப் பின்னத்திற்கும் அது பொருத்தியிருக்கிறது. அறிவற்ற பிள்ளை செய்யும் செயல் அன்று இது. தெரிந்த விதியைத் தெரியாத இடத்தில் பயன்படுத்திப் பார்த்த முயற்சி. ‘ஒரு தோசையை மூவர் சமமாகப் பகிர்ந்தால் உனக்கு ஒரு துண்டு. அதே அளவுத் தோசையை நால்வர் பகிர்ந்தாலும் உனக்கு ஒரு துண்டு. எந்த நாளில் உனக்குப் பசி அடங்கும்?’ என்று ஆசிரியர் வினவுகிறார். பிள்ளை சற்று யோசித்துச் சிரிக்கிறது. ‘மூவர் பகிரும் நாளில்’ என்கிறது. ‘அப்படியானால் முதலில் சொன்ன விடையை என்ன செய்யலாம்?’ என்பது அடுத்த வினா. பிள்ளை தன் விடையைத் தானே திருத்திக்கொள்கிறது. இவ்வளவுக்கும் ஆன நேரம் இரண்டு நிமிடம்.

‘எப்படிக் கண்டாய்?’ என்னும் வினாவைத் தவறான விடைக்கு மட்டும் ஒதுக்கிவைத்தல் ஆகாது. அவ்வாறு செய்தால், அந்த வினா எழுந்தவுடனேயே ‘விடை தவறு போலும்’ என்று பிள்ளைகள் அறிந்துகொள்வர். சரியான விடைக்கும் அதே குரலில், அதே முகத்தோடு அதைக் கேட்க வேண்டும். சரியான விடையை ஊகத்தால் சொன்ன பிள்ளைக்கும் அப்போது வழி தெளிவாகும்.

கேட்கப்படாத ஒரு வினா

நினைவைச் சோதிக்கும் வினாவிலிருந்து சிந்தனையைத் தூண்டும் வினாவுக்குச் செல்வது எப்படி? 1956இல் பெஞ்சமின் புளூம் என்னும் அமெரிக்கக் கல்வியாளரும் அவர்தம் குழுவினரும் கற்றல் நோக்கங்களை அறிதல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், தொகுத்தல், மதிப்பிடுதல் என ஆறு படிகளாக வகுத்தனர். ஆசிரியப் பயிற்சி பெற்ற அனைவரும் இதனைப் படித்திருப்பர். படிகளின் பெயர்களை நினைவில் வைப்பதைக் காட்டிலும், ஒரே பாடத்தில் அவற்றை ஏறிப் பார்ப்பது பயன் தரும்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை பாடமாக அமைந்திருக்கிறது என்று கொள்வோர், முதலில் எளிய வினாவில் தொடங்கலாம். கண்ணகியின் சிலம்பில் இருந்த பரல் எது? மாணிக்கம். கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்த பரல் எது? முத்து. இவ்விரண்டும் நினைவு வினாக்கள். இவை இல்லாமல் மேலே ஏற இயலாது. இனி அடுத்த படி. ‘பாண்டியன் தன் சிலம்பில் இருப்பது முத்து என்று சொன்னது வழக்கின் போக்கை எவ்வாறு மாற்றியது?’ இதற்குப் பிள்ளைகள் நிகழ்ச்சிகளை இணைத்துப் பார்க்க வேண்டும்.

அதன்பின் ஆசிரியர் இந்த வினாவை வைக்கலாம்: ‘பொற்கொல்லன் சொல்லைக் கேட்டுக் கட்டளையிடுவதற்கு முன், மன்னன் கோவலனை அழைத்து ஒரே ஒரு வினாவைக் கேட்டிருக்கலாம். அந்த வினா எதுவாக இருந்திருக்க வேண்டும்?’ வகுப்பு அமைதியாகிவிடும். ‘உன் சிலம்பினுள் இருப்பது என்ன?’ என்பதை ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். ‘உன் ஊர் எது, நீ யார்?’ என்பதே போதும் என்று வேறொரு பிள்ளை வாதிடும். ‘இதன் இணைச் சிலம்பு எங்கே?’ என்று மூன்றாம் பிள்ளை வினவும். மூன்றும் ஏற்கத்தக்கவை. வினவாமல் விட்ட ஒரு நொடி ஓர் உயிரையும் ஓர் அரசையும் ஒரு நகரையும் கொண்டுசென்றது என்பதைப் பிள்ளைகள் தாமே உணர்வர். உயிரைக் காக்கும் பொறுப்பு வினவுதலில் இருக்கிறது என்னும் அறமும் அவர்கள் உள்ளத்தில் பதியும். அதற்கெனத் தனியே ஓர் அறிவுரை வேண்டியதில்லை.

மூன்று நொடி அமைதி

வினா எவ்வளவு சிறந்ததாயினும், அதன்பின் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அது பயன்தரும். மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அறிவியல் கல்வியாளர், வகுப்பறைப் பேச்சுகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து 1970களில் தம் முடிவுகளை வெளியிட்டார். வினாக் கேட்ட பின் ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருந்த நேரம் பெரும்பாலும் ஒரு நொடி அளவே. அதற்குள் விடை வராவிடில் வினாவைத் திரும்பச் சொன்னார்கள், வேறொருவரை அழைத்தார்கள், அல்லது தாமே விடையைக் கூறிவிட்டார்கள். பிள்ளை விடை சொல்லி முடித்த பின்னும் ஒரு நொடிக்குள் ஆசிரியர் பேசத் தொடங்கினார்.

இந்த இடைவெளிகளை மூன்று நொடியோ அதற்கு மேலோ நீட்டிப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க மாற்றங்கள் தோன்றின. விடைகள் நீண்டன. ‘தெரியாது’ என்பதும் விடையின்றி நிற்பதும் குறைந்தன. பிள்ளைகள் காரணத்தோடு பேசினர், ஒருவர் விடையை மற்றொருவர் தொட்டுப் பேசினர், தாமாகவே வினாவினர். பின்தங்கியவர் என்று கருதப்பட்ட பிள்ளைகளும் பேசத் தொடங்கினர். ஆசிரியரிடமும் மாற்றம் நிகழ்ந்தது. அவர் கேட்ட வினாக்களின் எண்ணிக்கை குறைந்தது, வகை பெருகியது.

அந்த ஆய்வில் ஆசிரியர் உலகம் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. நன்றாகப் படிப்பவர் என்று ஆசிரியர் கருதிய பிள்ளைகளுக்கு அவர் காத்திருந்த நேரம், படிக்காதவர் என்று கருதிய பிள்ளைகளுக்குக் காத்திருந்ததைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. எவருக்குக் கூடுதல் நேரம் தேவையோ அவருக்கே குறைவாகக் கிடைத்தது. எந்த ஆசிரியரும் இதனைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. விடை வரும் என்னும் நம்பிக்கை இருந்த இடத்தில் இயல்பாகக் காத்திருந்தார். நம்பிக்கை இல்லாத இடத்தில் விரைந்தார். ஆசிரியரின் நம்பிக்கையை அளக்கும் கோலாக அந்த ஒரு நொடி அமைந்துவிட்டது. நன்னூலார் ஆசிரியரின் இயல்புக்கு நிலத்தையும் மலையையும் மலரையும் துலாக்கோலையும் உவமையாக்கினார். எப்பக்கமும் சாயாத துலாக்கோல் போன்ற ஆசிரியர், இந்த நொடிக் கணக்கிலும் சாயாதவராக இருத்தல் வேண்டும்.

தலைமாணாக்கனுக்கு அன்னத்தையும் பசுவையும் அந்நூல் உவமை கூறுகிறது. பசு புல்லை மேய்ந்தபின் ஓரிடத்தில் அமைதியாகப் படுத்து அசைபோடும். அசைபோட இடம் தராத வகுப்பில் பசு போன்ற மாணாக்கர் உருவாக மாட்டார். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளி போன்றவரே உருவாவர்.

எட்டு வகை விடை

நன்னூலார் விடையை எட்டாக வகுத்ததிலும் ஆசிரியர்க்குப் பாடம் உண்டு. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடியான விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பால் விடை தருவன. ‘பாடலை ஒப்பிப்பாயா?’ என்று வினவியதற்கு ஒரு பிள்ளை ‘தொண்டை வலிக்கிறது’ என்கிறது. இன்னொன்று ‘உரைநடையை வாசிக்கிறேன் ஐயா’ என்கிறது. மற்றொன்று ‘ஒப்பிக்காமல் இருப்பேனா?’ என்கிறது. இவை யாவும் விடைகளே என்று இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. ‘கேட்டதற்கு மட்டும் பதில் சொல்’ என்று அதட்டும் ஆசிரியர், எட்டில் ஐந்து விடைகளுக்குத் தம் செவியை அடைத்துவிடுகிறார்.

பிள்ளையின் விடையில் அதன் வீடும் அச்சமும் முயற்சியும் கலந்து வருகின்றன. ‘வீட்டுப்பாடம் ஏன் முடிக்கவில்லை?’ என்பதற்கு ‘கை வலித்தது’ என்று ஒரு பிள்ளை சொன்னால், அது சாக்காகவும் இருக்கலாம். மாலை முழுதும் கடையில் எடைபோட்ட கையாகவும் இருக்கலாம். மேலும் ஒரு வினா வினவிச் செவிமடுத்தால் உண்மை தெரியும்.

பிருச்சனை என்னும் தவம்

சமண மரபு வினவுதலைத் தவத்தின் ஓர் உறுப்பாகவே வைத்துள்ளது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் சுவாத்தியாயத்தை வாசனை, பிருச்சனை, அனுப்பிரேட்சை, ஆம்னாயம், தருமோபதேசம் என ஐந்தாகப் பகுக்கிறது. வாசித்தல் முதலாவது, வினவுதல் இரண்டாவது, வினவிப் பெற்றதை உள்ளத்தில் ஆழ்ந்து சிந்தித்தல் மூன்றாவது. மனனமும் பிறர்க்கு எடுத்துரைத்தலும் அதன் பின்னரே வருகின்றன. ஐயம் நீங்குதற்கும், தெளிந்ததை உறுதிப்படுத்துதற்கும் வினவுவதே பிருச்சனை என்று உரையாசிரியர் விளக்குவர். பிறரை மடக்குவது அதன் நோக்கத்தில் இடம்பெறவில்லை.

பகவான் மகாவீரர் கேவல ஞானம் அடைந்த பின்னரும் 66 நாள்கள் திவ்யத்வனி எழவில்லை என்று திகம்பர மரபு கூறுகிறது. அதனை ஏற்று உலகுக்கு வழங்கவல்ல கணதரர் இல்லாமையே அதற்குக் காரணம். அப்போது இந்திரன் முதியவர் வடிவில், ஐந்நூறு மாணாக்கரை உடைய இந்திரபூதி கௌதமரிடம் சென்று, ஒரு செய்யுளுக்குப் பொருள் வினவினான். பெரும்புலமை படைத்த அவருக்கு அதன் பொருள் விளங்கவில்லை. அந்த ஒரு வினா அவரைச் சமவசரணம் நோக்கி நடத்திச் சென்றது. செருக்கு நீங்கி அவர் முதல் கணதரர் ஆனார். பின்னாளில் அவரே சிரேணிக மன்னர் அடுத்தடுத்துத் தொடுத்த வினாக்களுக்குப் பொறுமையோடு விடை கூறினார். அவ்விடைகளின் வழியாகவே புராணங்கள் விரிகின்றன. விடை தெரியாமல் நின்ற ஒருவரே உலகுக்கு விடை வழங்குபவரானார் என்பதை, ‘தெரியாது’ என்று தலைகுனியும் எந்தப் பிள்ளைக்கும் எடுத்துச் சொல்லலாம்.

நீலகேசி என்னும் காப்பியமும் வினாக்களால் நடப்பதே. ஆனால் நீலகேசி சமயத் தலைவர்களை எதிர்கொண்டு கேட்ட வினாக்கள் வாத அரங்கிற்கு உரியவை. அங்கே ஒருவர் வெல்வார், மற்றவர் தோற்பார். வகுப்பறையில் அந்தக் கணக்கு இல்லை. உறங்கும் பிள்ளையை எழுப்பி அவமானப்படுத்தவும், குறும்பு செய்யும் பிள்ளையை மடக்கவும் வினாவைப் பயன்படுத்தும் ஆசிரியர், வாத அரங்கின் படைக்கலத்தைப் பிள்ளைகள்மேல் எடுக்கிறார். வினா தண்டனையாகப் பழகிவிட்ட வகுப்பில், பிறகு எந்த நல்ல வினாவுக்கும் கை உயராது. சொல்லாலும் ஊறு செய்யாமை என்னும் அகிம்சையின் நுண்மை இங்கே ஆசிரியர்க்குத் துணை நிற்க வேண்டும்.

நடைமுறைக்குச் சில

ஆசிரியர்கள் நாளையே கைக்கொள்ளத்தக்க சிலவற்றைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, பாடக்குறிப்பு எழுதும்போதே அப்பாடத்திற்குரிய மூன்று முதன்மை வினாக்களை முழுத் தொடராக எழுதிவைத்தல். வகுப்பின் நடுவே நாவில் தோன்றும் வினாக்கள் பெரும்பாலும் நினைவு வினாக்களாகவே அமைந்துவிடும்.

இரண்டாவது, வினாவை முதலில் வகுப்பு முழுமைக்கும் வைத்து, சற்று அமைதி காத்து, அதன் பின்னரே பெயர் சொல்லி அழைத்தல். பெயரை முதலில் சொன்னால் மற்ற முப்பத்தொன்பது பேரும் அந்த நொடியிலேயே விடுதலை பெற்றுவிடுவர்.

மூன்றாவது, கடினமான வினாவாயின் அருகில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசச் சொல்லி, பிறகு விடை கேட்டல். ஆசிரியரிடமிருந்து பெறுவது புலமையில் கால் பங்கு, உடன் பயில்வாரோடு பழகிப் பெறுவது மற்றொரு கால் பங்கு, பிறர்க்கு எடுத்துரைப்பதால் பெறுவது எஞ்சிய அரைப் பங்கு என்னும் கருத்து நன்னூலிலேயே உள்ளது. கூச்சமுள்ள பிள்ளை நாற்பது பேர்முன் பேச அஞ்சும். தோழியிடம் பேச அஞ்சாது.

நான்காவது, ‘புரிந்ததா?’ என்னும் வினாவைக் கைவிடுதல். அதற்கு ‘புரிந்தது ஐயா’ என்னும் கூட்டொலி மட்டுமே விடையாக வரும். ‘இதனை நேற்று வராத தோழனுக்கு எப்படிச் சொல்வாய்?’ என்று வினவினால் புரிந்ததும் புரியாததும் வெளிப்படும்.

ஐந்தாவது, ‘தெரியாது’ என்னும் விடையை முகம் சுளிக்காமல் ஏற்று, ஆனால் அப்பிள்ளையை அத்தோடு விட்டுவிடாதிருத்தல். ‘மற்றவர் சொல்வதைக் கேள், மீண்டும் உன்னிடம் வருவேன்’ என்று கூறி, சொன்னபடியே மீண்டும் வருதல் வேண்டும். வராவிட்டால் பிள்ளை அதனை மறவாது.

ஆறாவது, பாடம் முடியும் வேளையில் பிள்ளைகள் வினவுவதற்கென ஐந்து நிமிடம் ஒதுக்குதல். எழுந்து கேட்கத் தயங்குவோர் தாளில் எழுதிப் போட வகுப்பில் ஒரு சிறு பெட்டி வைக்கலாம். விடை தெரியாத வினா வந்தால், ‘பார்த்து நாளை சொல்கிறேன்’ என்று ஆசிரியர் கூறுவது அவர் மதிப்பைக் குறைக்காது. அறிவு தேடப்பட வேண்டிய ஒன்று என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள்.

இல்லத்தில் எழும் வினா

இவையாவும் ஆசிரியர்க்கு மட்டும் உரியன அல்ல. பிள்ளையின் முதல் வகுப்பறை இல்லமே. பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் ‘எத்தனை மதிப்பெண்?’ என்று வினவும் பெற்றோர், ‘இன்று வகுப்பில் நீ என்ன கேட்டாய்?’ என்றும் வினவலாம். ஒரு திங்கள் தொடர்ந்து அவ்வாறு வினவினால், மாலையில் சொல்வதற்காகவேனும் பிள்ளை பகலில் ஒரு வினாவைக் கேட்டு வரும்.

தமிழ்ச் சமணக் குடும்பங்களில் பிள்ளைகள் கேட்கும் சில வினாக்கள் உண்டு. பொழுது சாய்ந்தபின் ஏன் உண்ணக் கூடாது? கிழங்கை ஏன் விலக்குகிறோம்? வகுப்புத் தோழர்கள் காரணம் கேட்கும்போது என்ன சொல்வது? விடுதியில் தங்கிப் படிக்கும்போது எப்படிக் கடைப்பிடிப்பது? இவை எதிர்ப்பு வினாக்கள் அல்ல. பெரும்பாலும் அறியாவினாக்களும் ஐயவினாக்களுமே. ‘பெரியவர்கள் செய்ததைச் செய், கேள்வி கேட்காதே’ என்னும் விடை அந்நேரத்திற்கு வாயை அடைக்கும். ஊரை விட்டுப் பெருநகரத்திற்கும் வெளிநாட்டிற்கும் செல்லும் பருவத்தில், காரணம் அறியாத நோன்பு முதலில் நழுவும். சிற்றுயிர்க்கும் ஊறு நேராமல் வாழும் விருப்பமே அந்நோன்புகளின் அடிப்படை என்று பொறுமையாக விளக்கப்பெற்ற பிள்ளை, தோழர்க்கும் அதனை விளக்கும், தானும் போற்றும். எண்ணிக்கையில் சிறியதொரு சமூகம் தன் மரபை அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பதும் கைநழுவ விடுவதும் இத்தகைய வினாக்களுக்குப் பெரியோர் எவ்வாறு செவிசாய்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமையும்.

கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியார் என்னும் பெண்பால் ஆசிரியர்களின் பெயர்களும் மாணாக்கர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே எழுந்த வினாக்கள் எவையென எந்தக் கல்லும் சொல்லவில்லை. எனினும் வினவியவரும் விடை தந்தவரும் அங்கு இருந்தனர் என்பதற்கு அப்பெயர்களே சான்று. அறநெறி வகுப்புகளை நடத்தும் இளைஞர்கள் அந்த நெடுந்தொடரின் இன்றைய கண்ணிகள். அவர்கள் கதை சொல்லி முடித்தவுடன் கலைந்து செல்லாமல், பிள்ளைகளின் வினாக்களுக்கெனச் சிறிது நேரம் ஒதுக்குவார்களாக.

ஆசிரியப் பெருமக்கள் நாளைய முதல் பாடவேளையில், இதுவரை கை உயர்த்தாத ஒரு பிள்ளையை மனத்தில் குறித்துக்கொண்டு, அப்பிள்ளைக்கு எட்டும் ஒரு வினாவைக் கேட்டு, மூன்று நொடி காத்திருப்பார்களாக. மூன்று நொடியில் விடை வராவிடில் ஐந்து நொடி காத்திருக்கலாம். வரும் விடை அரைகுறையாக இருப்பினும், அதனை முழுதும் செவிமடுத்தபின் அடுத்த சொல்லைப் பேசுவார்களாக.

அருகன் அருளால் அனைவரும் நல்லறிவும் நற்காட்சியும் பெற்றுச் சிறப்பார்களாக.